மஞ்சள் நூல் தீர்ந்த இடம்

தையல் கடையில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதானாலும் சரி, இடுப்பை அரை விரல் தளர்த்துவதானாலும் சரி, சாக்பீஸில் போட்ட கோட்டைவிட்டு அவள் ஊசி இம்மியும் விலகாது. முப்பது வருடமாக அவள் கேட்ட பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, சொன்ன அளவு அப்படியே இருக்கு." கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. வெட்டி எறிந்த கால்சட்டை நுனி, சட்டைப்பையின் உள்துணி, பல் போன ஜிப்பு என்று கடையில் அள்ளிய குப்பையைக் கட்டிலில் கொட்டுவாள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, கைக்கு அகப்பட்ட துண்டை அதன்மேல் வைப்பாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அதன் பக்கத்தில் எது வரவேண்டும் என்று தோன்றுகிறதோ அதை வைத்துத் தைப்பாள். பிடிக்காவிட்டால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்துத் தைப்பாள். வேலை முட்டிக்கொண்டு நின்றால் மொத்தத்தையும் தலைகீழாகத் திருப்பிப் போடுவாள். ஒரு இடம் ரொம்ப அழகாக வந்துவிட்டால் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, இரண்டு பாதியையும் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவாள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவள் கணவர், கட்டிலில் மிஞ்சிய இடத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி, "எங்க போறோம்னே தெரியாம வண்டியை எடுக்கிற ஒரே ஆள் நீதான்" என்பார்.

"போய்ச் சேர்ந்தப்புறம் போர்டைப் பார்த்துக்கலாம்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, பல் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. காத்திருக்கும் அறையில் முக்கால் மணி நேரம். உள்ளே மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வெள்ளைச் சுவர். பார்க்க வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் தங்கள் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் தன் துணி தொங்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. எதற்குமே அப்படி ஆசைப்பட்டவள் இல்லை. பல்லைப் பிடுங்கிய கையோடு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, அங்கே மேலாளராக இருந்த அம்மாளிடம் போய்க் கேட்டாள். பஞ்சின் புண்ணியத்தில் மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது.

மேலாளர் நல்ல மனுஷி; ஆனால் எதுவும் வரிசைப்படி நடக்கவேண்டும். "தாராளமாத் தைங்க. முதல்ல படம் வரைஞ்சு குடுங்க. டாக்டருங்க பார்த்துச் சரின்னு சொல்லட்டும். அப்புறம் அதே மாதிரி தைச்சுட்டா போதும்" என்றார்.

அளவக்காவுக்குப் படம் வரைய வராது. அவள் மருமகள் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறவள். ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு மலை, மூன்று மரம், ஒரு பறவை வரைந்து தந்தாள். தைத்துப் பார்ப்போம் என்று அளவக்கா ஒரு வாரம் உட்கார்ந்தாள். ஊசி கோட்டைவிட்டு விலகவில்லை. கொட்டாவிதான் விடாமல் வந்தது.

"பறவை நல்லாத்தானே வந்திருக்கு அத்தை?"

"நல்லாத்தான் வந்திருக்கு. கடையில ஒரு பேன்ட்டை முடிச்ச மாதிரியே இருக்கு" என்று அதைச் சுருட்டி மூலையில் போட்டாள்.

மருமகள் யோசித்தாள். "ஒண்ணு பண்ணலாம். நீங்க பாட்டுக்கு உங்க இஷ்டத்துக்குத் தைங்க. முடிஞ்சதும் அதைப் பார்த்து நான் படம் வரையறேன். அதைக் குடுத்துடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

திருட்டுத்தனம்தான். ஆனாலும் மாமியாரும் மருமகளும் எதிலாவது ஒத்துப்போவது அந்த வீட்டில் அபூர்வம் என்பதால், கணவர் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வாரத்தில் துணி முடிந்தது. ஆபீஸ் கால்சட்டைகளின் கருநீலமும் பழுப்பும் அடுக்கடுக்காக ஏறி இறங்க, குறுக்கே ஒரு தையல் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வளைந்து வளைந்து போயிற்று. மருமகள் டேப்பை வைத்து அளந்து அளந்து வரைந்து, கலர் பென்சிலால் நிறமும் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

டாக்டர்களுக்குப் படம் பிடித்துவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'கோட்டின் நிறம் பாதியில் மாறுகிறது. தவறாக இருக்கலாம், சரிசெய்யவும்' என்று மேலாளர் எழுதி அனுப்பியிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான்: அந்த இடத்தில் மஞ்சள் நூல் தீர்ந்துபோயிற்று. கையில் இருந்தது சாம்பல் நூல், அதைக் கோத்தாள். அந்தச் சாம்பல் கோடு போன வழியைப் பார்த்துத்தான் மீதிப் பாதித் துணியே வந்தது.

"பிரிச்சு மஞ்சளாவே தைச்சுடுங்க அத்தை. ஒரு மணி நேர வேலை" என்றாள் மருமகள். அளவக்கா தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து நாலு தையலைப் பிரித்தாள். அந்த நாலையும் சாம்பல் நூலாலேயே திரும்பத் தைத்துவிட்டுக் கத்தியை மூடிவைத்தாள்.

அந்தச் சனிக்கிழமையே, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மேலாளர் வீட்டுக்கே வந்து நின்றார். துணியோ முழுதாக முடிந்து அலமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மருமகளிடமிருந்து படத்தை வாங்கி விரித்து, ஒரு கண் படத்திலும் ஒரு கண் துணியிலுமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, படத்துல இருக்கிற அளவு அப்படியே இருக்கே! அந்தக் கோடு ஒண்ணுதான் பாக்கி போலிருக்கு."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் சுவர் அவளுடையது. ஆட்டுங்கள், ஆட்டுங்கள் என்று மருமகள் கதவோரத்திலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். அளவக்காவுக்கு முடியவில்லை. கடையில் கேட்கும் அதே வார்த்தையை இந்தத் துணிக்கும் கேட்டபோது நெஞ்சு எரிந்தது.

"இல்லைங்க. படத்தைப் பார்த்து இதைத் தைக்கலை. இதைப் பார்த்துத்தான் படம் போட்டோம். உங்களை ஏமாத்திட்டோம். அந்தக் கோட்டையும் என்னால மாத்த முடியாது. வேணாம்னா விட்டுடுங்க."

மேலாளர் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ தைக்கும்போது அடுத்து என்ன வரும்னு உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"பயமா இருக்காது?"

"இருக்கும். ஒவ்வொரு துண்டு வைக்கும்போதும் இருக்கும். ஆனாலும் வைப்பேன்."

மேலாளர் எழுந்து துணியின் அருகே போனார். மஞ்சள் கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். சாம்பல் தொடங்கும் இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு கடைசிவரை போயிற்று. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தான் போட்ட வட்டத்தைத் தானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. ஆணி அடிக்கச் சொல்றேன்" என்றவர், படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "டாக்டருங்க கேட்டா, படத்தைப் பார்த்துத் தைச்சதுதான். நானும் அப்படித்தான் சொல்வேன்."