புத்தகத்தில் பிந்தி எழுதிய பெயர்

காப்பி செத்துத் தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உபதேசியாராக வந்து சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. உபதேசியார் என்றால் பாதிரி ஐயர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானம் கொடுப்பதும் கலியாணம் செய்து வைப்பதும் பதுளையில் இருந்த ஐயரின் வேலை. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குதிரைமேல் வருவார். மற்ற நாளெல்லாம் கூலியாட்கள் குடியிருந்த லயம் லயமாக நடந்து ஜெபம் பண்ணுவதும், சேர வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவதும் என் பாடு. ஆராதனைக்குத் தோட்டத்துத் தொரை கொடுத்திருந்த இடம் ஒரு பழைய காப்பி ஸ்டோர். சபையின் ஞானஸ்நானப் புத்தகம் அங்கே ஒரு தகரப் பெட்டியில் என் பொறுப்பில் இருந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், ஐயர் வரக் காத்திருக்காமல் உபதேசியாரே தண்ணீர் தெளித்துப் பெயரிடலாம். பிறகு அதைப் புத்தகத்தில் எழுதி ஐயருக்குக் காட்ட வேண்டும். இந்த ஒரு விதியைப் படிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த நாளில் என் விசுவாசம் கொஞ்சநஞ்சமல்ல. அட்டை கடித்து ரத்தம் வழிகிற காலோடு நின்று கங்காணிகளிடம் வாதாடுவேன். மாரியம்மன் கோயில் பூசாரியைப் பாதையில் மறித்து, கல்லுக்குக் காது உண்டா என்று கேட்பேன். அவர் நல்ல மனுஷர், ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போய்விடுவார். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என்னிடம் பாடம் கேட்க வந்தவர்களில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஊருக்குப் போய் வருகிறேன் என்று கப்பலேறிய புருஷன் திரும்பி வரவில்லை. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான் அவளுக்கு. எழுத்து வாசனை கிடையாது, ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும், மறு வாரம் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். ஐயர் அடுத்த முறை வரும்போது தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஞானஸ்நானம் என்று ஏற்பாடாகியிருந்தது.

அதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் ஆள் வந்து கூப்பிட்டு நான் போனபோது, லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பிராவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குக் கண் மேலே செருகியிருந்தது. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் செப்புத் தாயத்து. பூசாரி மந்திரித்துக் கட்டியது. அந்த மாதிரிக் கயிறுகளை அறுத்துப் போட்ட பிறகுதான் ஞானஸ்நானம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"தண்ணி தெளிச்சுருங்கய்யா. புள்ளைக்கு ரொம்ப முடியல" என்றாள்.

"கயித்த அறும்மா. அறுத்த ஒடனே தெளிக்கிறேன்."

"காய்ச்ச எறங்கட்டுங்க, எங்கையாலயே அறுத்துர்றேன். இப்ப அறுக்கப் பயமா இருக்குங்க."

"அந்தப் பயம் போனாத்தாம்மா இது வரும். ரெண்டையும் வச்சுக்க முடியாது."

பீலிக் குழாயில் பிடித்த தண்ணீர் செம்பில் பக்கத்திலேயே இருந்தது. கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. உச்சி வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, மனசு மாறினால் ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அது கல் நெஞ்சாகப் படவில்லை. சத்தியத்துக்காக உறுதியாக நின்றதாகவே நினைத்தேன், வழியெல்லாம் அதற்காக நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டே நடந்தேன். மறுநாள் விடியற்காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கும்போது குழந்தை போய்விட்டிருந்தது.

ஞானஸ்நானம் இல்லாததால் சபைக் கல்லறையில் இடம் இல்லை. ஓடைக்கரையில் வெட்டிப்போட்ட காப்பிக் கட்டைகளுக்கு நடுவே புதைத்தார்கள். நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு அவளாக வந்து, "ஐயா, நீங்க சொல்ற அந்த எடத்துல எம்புள்ள இருக்காதுங்களா?" என்று கேட்டாள். "இருக்காதும்மா" என்றேன். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும்.

அதோடு விட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. பாடத்தை முடித்து, ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் இடது பக்கத்து முதல் தூணடியில் வந்து உட்கார்ந்தாள். அதை என் ஊழியத்தின் வெற்றி என்று ஐயருக்குக் காகிதம்கூட எழுதினேன்.

பத்து வருஷம் போனது. என் விசுவாசம் எப்போது போனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. குடையைத் தொலைத்தவன் மழை பெய்யும்போதுதான் தேடுவான், எந்தக் கடையில் வைத்தோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு காய்ச்சல் வருஷத்தில் தெமோதரைப் பக்கம் ஒரே நாளில் மூன்று அடக்கம். நான் ஜெபித்த லயத்திலும் ஆள் செத்தது, பூசாரி விபூதி போட்ட லயத்திலும் செத்தது. அதற்காக நான் யார்மேலும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் வாய் தானாக ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் காலில் இருந்த ஈரச் சப்பாத்தை எங்கே காயவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில்தான், தனியாக இருக்கும்போது நான் ஜெபித்து மாதக்கணக்காகிறது என்று உறைத்தது. அதைவிடப் பயமாக இருந்தது, அத்தனை மாதமும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பது.

சரியாகிவிடும் என்று ஒரு வருஷம் பார்த்தேன். உபவாசம் இருந்தேன். உடம்பு இளைத்ததுதான் மிச்சம். கடைசியில் ஐயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு விசுவாசம் இல்லை, இல்லாததை இருப்பதுபோல் பிரசங்கிக்க முடியாது, என்னை விடுவியுங்கள் என்று. பதுளைக்குப் போய்க் கையில் கொடுத்துவிடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதையில் ஆள் வந்து மறித்தது. அந்தப் பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சலாம், தோட்டத்து வைத்தியம் பார்க்கிற மருந்தையா கையை விரித்துவிட்டாராம், என்னையும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் கேட்கிறாளாம்.

புத்தகத்தை எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமலே ஸ்டோருக்குத் திரும்பி அதை எடுத்துக்கொண்டு போனேன். அதே காம்பிரா. படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இதுல எம்பேர் இருக்குங்களா?"

"இருக்கும்மா."

"அத அடிச்சுருங்கய்யா."

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, தெளிவாகத்தான் பேசினாள்.

"நான் உள்ள போயிட்டா, யார் கையக் கால புடிச்சாவது புள்ளைய உள்ள கூட்டிக்கலாம்னுதான் சேந்தேங்க. பொறகு நீங்க பாடத்துல சொன்னீங்க, அங்கிட்டிருந்து இங்கிட்டு யாரும் தாண்டி வர முடியாதுன்னு. அன்னையிலருந்து இதே நெனப்புங்க. எம்பேர அடிச்சுட்டீங்கன்னா அவ எங்க இருக்காளோ அங்கயே நானும் போயிருவேன். எம்புட்டு மோசமான எடமா இருந்தாலும் பரவால்லங்க."

பத்து வருஷமாக அந்தத் தூணடியில் அவள் உட்கார்ந்திருந்தது இதற்காக. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பி, அந்த நம்பிக்கையாலேயே வெந்துகொண்டிருந்திருக்கிறாள். என் சட்டைப் பையில் எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்ற கடிதம் கிடக்கிறது. அவமானத்தில் என் உடம்பெல்லாம் கூசியது. இப்படிக் கூசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா, அந்த இடமும் இந்த இடமும் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது என்று. சாகக் கிடக்கிறவளுக்கு அது என்ன ஆறுதல்? பிள்ளையை ஒருமுறை பறித்தவன், இரண்டாம் முறையும் பறித்ததாகத்தான் ஆகும்.

"பேரை அடிக்க வேண்டிய அவசியம் இல்லம்மா" என்றேன். "ஒங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னிக்கு நீ பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தப்ப, எனக்கு மனசு கேக்கல. கயிறு கெடந்தாக் கெடக்கட்டும்னு புள்ள தலையில தண்ணி தெளிச்சுட்டேன். வழக்கத்துக்கு விரோதமாச் செஞ்சதால வெளிய சொல்லல. புத்தகத்துலயும் எழுதல. இப்ப எழுதுறேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபப் பையில் இருந்த மையைத் திறந்து, அவள் கண் முன்னால் எழுதினேன். அம்மன் பெயரை வைத்திருந்த குழந்தை. வேறு பெயர் மாற்றாமல் அந்தப் பெயரையே எழுதினேன். தண்ணீர் தெளித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வாசித்தும் காட்டினேன். "இன்னொருக்கா வாசிங்கய்யா" என்றாள். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

சாகிறவளிடம் சொன்ன பொய், அவளோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் கஞ்சி கேட்டாள். அடுத்த மாதம் கூடையோடு பெரட்டில் நின்றாள். அந்த ஞாயிறு பழையபடி இடது பக்கத்து முதல் தூணடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பிரசங்க மேடையிலிருந்து அவளைப் பார்த்தேன். பிழைத்தாளே என்ற சந்தோஷம் பாதி, வகையாக மாட்டிக்கொண்டேன் என்ற பயம் பாதி.

மாட்டிக்கொண்டதுதான். நான் கடிதத்தைக் கொடுத்தால் உபதேசியாருக்கு விசுவாசம் போய்விட்டது என்று ஒரு வாரத்தில் எல்லா லயத்துக்கும் தெரிந்துவிடும். நம்பிக்கை இல்லாதவன் தெளித்த தண்ணீர் செல்லுமா என்று அவள் நினைக்க ஆரம்பித்தால், அவள் பிள்ளை மறுபடியும் வெளியே நிற்கும். ஆகவே கடிதத்தைப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிவிட்டு, ஜெபப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பழையபடி நடந்தேன்.

ஐயர் அடுத்த முறை வந்தபோது அந்த வரியில் விரலை வைத்து, "ரொம்பப் பிந்தி எழுதியிருக்கிறீரே" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். எழுத்து வேலையில் கவனம் வேண்டும் என்று கண்டித்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

இருபது வருஷம். சும்மா சொல்லக்கூடாது, அந்த இருபது வருஷத்தில் நான் நல்ல உபதேசியாராகத்தான் இருந்தேன். யாருடைய கயிற்றையும் அறுக்கச் சொல்லவில்லை. ஓடைக்கரையில் யாரைப் புதைத்தாலும் போய் நின்றேன். நரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. பூசாரி வாதத்துக்கு ஆளில்லாமல் ஏமாந்துபோய், "என்னங்க உபதேசியாரே, ஒடம்புக்கு முடியலையா?" என்று ஒருநாள் விசாரித்தார். ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டால் எனக்கு அதே நினைப்பு. நாளைக்கு மறுபடியும் எழுந்து நின்று பொய் சொல்ல வேண்டும். ஜெபத்தை ஆரம்பிக்கும்போது ஒருதடவை அந்தத் தூணைப் பார்த்துக்கொள்வேன். அவள் இருப்பாள். சரி, இவளுக்காக என்று ஆரம்பிப்பேன்.

பதுளைக்கு ரயில் வந்த காலத்தில் அவள் மறுபடியும் படுத்துவிட்டாள். இந்த முறை காய்ச்சல் இல்லை, மலையேறியே தேய்ந்துபோன உடம்பு. நான் போனபோது முற்பகல். காம்பிராவில் வெயில் விழுந்திருந்தது. பக்கத்துக் காம்பிராப் பெண்ணைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். நான் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன்.

"ஜெபம் இருக்கட்டுங்கய்யா. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் தண்ணிக்குப் போகலைங்க" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன்.

"புள்ள காய்ச்சலாக் கெடந்த அன்னிக்குத்தான். பீலிக்குப் போய்த் தண்ணி கொண்டாந்தது பக்கத்துக் காம்பிரா அக்கா. நான் புள்ளைய மடிய விட்டு எறக்கவே இல்லைங்க."

ஜெபப் புத்தகத்தை மூடினேன். "அப்ப நான் எழுதறப்பவே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலாங்க? கயித்த அறுத்தாத்தான் தண்ணின்னு நின்ன மனுசன், உக்காந்து பொய் எழுதுறாருன்னா, உள்ளுக்குள்ள என்ன ஆகிப்போச்சுன்னு தெரியாதுங்களா? அன்னிக்கே எனக்கு அந்த எடத்துப் பயம் விட்டுப்போச்சுங்க."

"பொறகு ஏம்மா இம்புட்டு வருசமா ஆராதனைக்கு வந்தே?"

அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நானும் வராட்டி அந்த ஸ்டோர்ல நீங்க ஒத்தையா நின்னு யார்கிட்டப் பேசுவீங்க? நான் உக்காந்த பொறகுதானே நீங்க ஆரம்பிப்பீங்க."

தன்னைக் கல்லறையில் போட வேண்டாம், ஓடைக்கரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டாள். செய்கிறேன் என்றேன். பிறகு அந்தப் பேரை ஒருக்கா வாசியுங்கள் என்றாள். புத்தகம் கையில் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை, மனப்பாடமாகச் சொன்னேன். இரண்டு நாளில் போய்விட்டாள். சபைக்காரி ஒருத்தியைக் காப்பிக் கட்டைக்கு நடுவே அடக்கம் செய்ததற்கு முணுமுணுப்பு எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் புத்தகத்தையும் அதன் அட்டைக்குள் இருந்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். பழைய ஐயர் காலமாகி வேறொருவர் வந்திருந்தார். இரண்டு தடவை படித்தார். நல்ல மனுஷர், திட்டவில்லை. இத்தனை வருஷம் எப்படி இருந்தீர் என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை என்றேன். கடைசியில் ஞானஸ்நானப் புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டி, "விசுவாசம் இல்லாமல் எழுதினவை இதில் எத்தனையோ இருக்கும். எழுதியதெல்லாம் சரிதானா?" என்று கேட்டார்.

"எல்லாம் சரிதானுங்க" என்றேன்.