கொடுவாவுக்கு எந்தப் பொய்மீன்

கனடாக் குளிரில் அண்ணாவுக்குப் புத்தி உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரில் உள்ளவர்களின் அண்ணாமார் தங்கச்சிமாருக்குச் சொக்லேட், சென்ட், கைப்பை என்று அனுப்புவார்கள். எங்கடவர் கொழும்புக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிட்டது இரண்டு தூண்டில் தடி, இரண்டு ரீல், இரைக்குப் பதிலாகக் கட்டுகிற பொய்மீன் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய. பெட்டியைத் திறந்த உடனேயே ஊதா நிற ரப்பர் புழு ஒன்று என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கதவு திறபட்டது.

"அது உமக்கில்லை, எனக்கு," என்று என் மனுசன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

யாருக்கு என்று எனக்கும் தெரியும். இந்த மனுசனுக்கு ஏதாவது செய் என்று போனில் அண்ணாவிடம் அழுதவள் நான்தான். அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு முந்தின வருசம் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு இரவு ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். அடிக்கவில்லை. வந்தார், குளித்தார், சாப்பிட்டார். அதற்குப் பிறகு படி இறங்கவேயில்லை.

கணக்கு வாத்தியார் என்பதால் பிள்ளைகள் ரியூசனுக்கு வீட்டுக்கே வந்தார்கள். சலூன்காரரும் வீட்டுக்கு வந்தார். மரக்கறி, கரண்ட் பில், பேப்பர் எல்லாம் என் தலையில். ஒழுங்கையின் முடிவில் கடல் இரைவது எங்கள் யன்னலில் கேட்கும், ஆனால் அவர் அதைப் பார்த்து ஒரு வருசமாகிறது. கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் பட்டினியும் கிடந்தேன். ஆள் அசையவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றேயொன்றுதான். அவர் தன்பாட்டில் அந்த ஒழுங்கையின் முடிவு வரைக்கும் போய் வரவேண்டும்.

அண்ணாவுக்கு மீன்பிடிதான் எல்லா வருத்தத்துக்கும் மருந்து. அங்கே ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீனாம், அதைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார்களாம். பிடித்த மீனை ஏன் விடவேண்டும் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அந்த மீனின் இனத்தில் எங்கள் பக்கத்துக்கு வாய்த்தது கொடுவா. வெள்ளவத்தை வாய்க்கால் ரயில் பாலத்துக்குக் கீழால் போய்க் கடலோடு சேரும் இடத்தில் அது உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்.

ஆனால் இவர் நடந்தால்தானே. இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். குளியலறையில் தண்ணி பிடித்து வைக்கிற பரலுக்குள் ஒவ்வொரு பொய்மீனாக விட்டுப் பார்த்தார். சிலது மிதந்தது, சிலது தாண்டது. முன்வாயில் நாடி மாதிரிச் சின்னத் தகடு வைத்த ஒன்று, சும்மா விட்டால் மிதந்தது, இழுத்தால் தலையைக் குத்திக்கொண்டு கீழே போனது, இழுவையை நிறுத்தினால் திரும்ப மேலே வந்தது. நான் குளிக்கப் போனால் பரலுக்குள்ளிருந்து பச்சைத் தவளை ஒன்று என்னைப் பார்க்கும். ரப்பர் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்றது.

அண்ணாவின் போன் கீழே வீட்டுக்காரி வீட்டுக்கு வரும். வீட்டுக்காரி ஒரு முஸ்லிம் அம்மா, தனியாள், நல்ல மனுசி. ஒழுங்கைக்கு இறங்காத இவர் அவவின் வாசற்படி வரைக்கும் இறங்கத் தொடங்கியது இந்தப் பொய்மீன்களால்தான். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை. அண்ணா ரப்பர் புழுவை அடித்தரையில் மெதுவாக இழுக்கச் சொல்வார். இவர் போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு வாதாடுவார்.

"அத்தான், உங்கட ஏரியில கீழ கிடக்கிற கல்லும் தெரியும். எங்கட வாய்க்கால் தண்ணியில விட்ட கையே தெரியாது. புழுவை அது எப்பிடிக் காணும்?"

ஒருநாள் சந்தையில் முழுக் கொடுவா ஒன்று வாங்கிவந்தேன். வெட்ட விட்டாரா? அரிவாளை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு மீனின் வாயைத் திறந்து திறந்து மூடினார். கீழ்த்தாடை முன்னுக்கு நீண்டிருக்குதாம், அதனால் அது கீழே நின்று மேலே பார்த்துத்தான் பாயுமாம், ஆகவே பொய்மீன் அதன் தலைக்கு மேலால் போகவேண்டுமாம். பிறகு தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்பைச் செவிளின் ஓரத்தில் வைத்து உரசினார். பட்டென்று அறுந்தது. "கண்டீரோ, கத்தி," என்றார். மீனைக் கொன்றவனைவிட இவர் அதைக் கூட வதைத்தார். சொதிக்குக் கூட்டி வைத்த பால் அதற்குள் திரிந்துபோனது.

இப்படியே கழித்துக் கழித்து மிஞ்சியது பொன் நிறத்தில் ஒன்று. மிதக்கிற இனம், உள்ளே குண்டுமணிகள் இருந்தன, ஆட்டினால் கிலுகிலுத்தது. கலங்கல் தண்ணியில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்கும் என்பது இவரின் முடிவு. அடுத்த வழக்கு தடியைப் பற்றி. கட்டைத்தடி விறைப்பு, பாலத்துக் கல்லுகளுக்குள் ஓடுகிற மீனை மறித்து இழுக்க நல்லது. நெட்டைத்தடி வளையும், கற்களில் நின்றபடி தூரத்துக்கு எறியலாம். இரண்டு கிழமை இதுதான் பேச்சு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"முதல்ல வீட்டை விட்டு வெளிய வாங்கோ. பிறகு தடியைத் தெரிஞ்செடுக்கலாம்," என்றேன்.

"கணக்குப் படிக்காமல் சோதினைக்குப் போகேலாது," என்றார் அவர்.

படிப்பு மொட்டைமாடிக்கு ஏறியது. அங்கே உடுப்புக் காயப்போடும் இடத்தில் ஒரு மூலையில் கழுவுகிற பேசினை வைத்து, மற்ற மூலையில் நின்று அதற்குள் எறிந்து பழகினார். பொய்மீனில் உள்ள தூண்டில் முள்ளுகளைக் கழற்றிவிட்டுத்தான் எறிவது. ஒருநாள் கழற்ற மறந்துபோனார். வீட்டுக்காரியின் பூப்போட்ட கவுன் கொடியிலிருந்து கிளம்பிப் பறந்து வந்தது. அவ மேலே வந்து கிழிசலைப் பார்த்தா, இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா.

"மகள், மீன் புடிக்க அல்லாஹ் கடலப் படைச்சிருக்கான். என்ட கவுன ஏன் புடிக்கிற?"

நான் சிரித்த சிரிப்பில் அவவும் சிரித்துவிட்டா. இவர் மட்டும் எறிதூரம் கூடிவிட்டது என்று பெருமையாக நின்றார்.

அந்தச் சிரிப்பு அடங்கி சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்து எங்கள் வாசலில் நின்றது. எதிர் பில்டிங்கில் யாரோ, ஒரு தமிழன் நாளும் மொட்டைமாடியில் நீளமான அன்ரெனா ஒன்றைக் கடல் பக்கம் நீட்டி நீட்டி எடுக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மறந்துபோனது அதைத்தான். அந்தக் காலத்தில் எங்களில் ஒருத்தர் மாடியில் நீளமாக எதையும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. புட்டுமா ஒட்டின கையோடு நான் ஓடினேன். சார்ஜன்ட் ஒருவரும் கொன்ஸ்டபிள் இரண்டு பேரும் மேலே ஏறிவிட்டார்கள். வீட்டுக்காரி பின்னால் மூச்சிரைக்க ஏறினா. இவர் நெட்டைத்தடியோடு சிலையாக நின்றார். இதோடு இனி இந்த ஆள் அறையை விட்டும் வரமாட்டார் என்றுதான் ஓடியது நினைப்பு.

சார்ஜன்ட் தடியை வாங்கினார். வளைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை பார்த்தார். ரீலைச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு குந்தியிருந்து பெட்டியைத் திறந்தார், மூட மறந்துபோனார். கடைசியில் வெள்ளிக் கரண்டி மாதிரியான ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டி, "மோதா?" என்றார். சிங்களத்தில் கொடுவாவுக்கு அதுதான் பெயர். இவர் தலையாட்டினார். மோதாவுக்கு இதைவிட நல்லது இல்லை என்று சார்ஜன்ட் தீர்ப்புச் சொன்னார்.

"நே," என்றார் என் மனுசன்.

இல்லையாம். பொலிசுக்கு. இவர் உடைந்த சிங்களத்தில், கரண்டி தாழும், மோதா மேலே பார்க்கிற மீன், தண்ணி கலங்கல் என்று அடுக்கினார். சார்ஜன்ட் விடவில்லை. தான் தெற்கே காலிப் பக்கக் கடற்கரையில் பிறந்தவன், கரண்டியை வேகமாக இழுத்தால் மேலாலும் வரும் என்றார். அப்படி இழுத்தால் மீன் எட்டிப் பிடிக்க நேரம் எங்கே என்று இவர் கேட்டார். கொன்ஸ்டபிள்மார் இருவரும் தண்ணித் தாங்கியின் நிழலில் இருந்துவிட்டார்கள். நான் போய்த் தேத்தண்ணி போட்டேன். வேறு என்ன செய்வது.

போகும்போது சார்ஜன்ட் படியில் நின்று, "ஹெட்ட உதே எல காவட்ட என்ன," என்றார். நாளைக்குக் காலமை வாய்க்காலடிக்கு வா என்று அர்த்தம். சிரிக்காமல் சொன்னார்.

வேறு ஆட்கள் என்றால் இதைக் கேட்டுவிட்டுத் தூண்டிலைத் துடைத்து வைத்திருப்பார்கள். நாங்கள் விசாரணைக்குத் தயாரானோம். பொலிஸ் வா என்றால் எங்களுக்கு வேறு அர்த்தமே தெரியாது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கலியாணச் சேர்டிபிக்கட், நான் படிப்பிக்கிற பாடசாலை அதிபரின் கடிதம் எல்லாம் ஒரு பைலுக்குள் போனது. அவரின் வெள்ளைச் சேர்ட்டையும் கறுப்புக் காற்சட்டையையும் அயன் பண்ணினேன். ஒரு சாரம், துவாய், மாரி பிஸ்கட் பக்கற் ஒன்று பையில் வைத்தேன், முந்தின முறை உடுத்த உடுப்போடு வெறுந்தரையில் கிடந்தவர். தான் திரும்பாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். இரண்டு தடியையும் பொய்மீன் பெட்டியையும் கேட்டால் காட்டவென்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரி வாசலில் நின்று ஓதி அவரின் தலையில் ஊதிவிட்டா.

இப்படித்தான் ஒரு வருசத்துக்குப் பிறகு என் மனுசன் ஒழுங்கைக்கு இறங்கினார். நான் கேட்ட விதத்தில் இல்லை. என் கையைப் பிடித்த அவரின் கை ஈரமாக இருந்தது. தண்டவாளத்தைக் கடந்து கற்களுக்கு மேலால் வாய்க்கால் வாயடிக்குப் போனோம்.

சார்ஜன்ட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு, மூங்கில் தடி ஒன்றைப் பிடித்தபடி முழங்கால் தண்ணியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். அயன் பண்ணின சேர்ட், மினுக்கின சப்பாத்து, கக்கத்தில் பைல்.

"மாத்தயா கலியாண வீடு போறதா?" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

இவர் அடையாள அட்டையை நீட்டினார். சார்ஜன்ட் ஈரக்கையால் வாங்கிப் பார்த்தார், இதை ஏன் தருகிறான் என்று இவரைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பைக்கு மேலால் தெரிந்த துவாயையும் பிஸ்கட்டையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அட்டையைத் தன் பனியனில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உள்ள வைங்க," என்றார். "அந்த மீன் எடுங்க."

முதல் எறிவு கல்லில் போய்ச் சிக்கியது. இரண்டாவது பறந்த திசையில் ஒரு காகம் உயிர் தப்பியது. பிறகு கை பழக்கத்துக்கு வந்தது. பொன்மீன் விழும், இவர் இரண்டு தரம் வெட்டி இழுப்பார், விடுவார், எண்ணுவது போல நிற்பார், திரும்ப இழுப்பார். பக்கத்தில் சார்ஜன்ட் இவரிடம் வாங்கின கரண்டியைக் கட்டைத்தடியில் கட்டி வேகவேகமாகச் சுற்றினார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்மீன் அசையாமல் மிதந்த ஒரு நேரத்தில் தண்ணிக்குக் கீழே டப்பென்று ஒரு சத்தம். தடி வளைந்தது. கொடுவா ஒன்று முழு உடம்பும் வெளியில் தெரியப் பாய்ந்து, தலையை ஒரு உதறு உதறி விழுந்தது. "விடாத, விடாத," என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கத்த, "சும்மா இரும் ஐசே," என்று இவர் தமிழில் கத்தினார். பொலிசைப் பார்த்து, நடு வெளியில், தமிழில். மீன் பாலத்துப் பக்கம் ஓடியது, நரம்பு அறுந்தது, பொன்மீனும் போனது. இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு, நெட்டைத்தடியால் எறிந்தது பிழையா சரியா என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

சார்ஜன்டுக்கு டியூட்டி நேரமாகிவிட்டது, போய்விட்டார். நானும் எழும்பினேன், வாங்கோ போவம் என்றேன்.

"நீர் போம். வத்துத் தண்ணி இப்பதான் திரும்பி ஏறுது. நான் ஆறுதலா வாறன்," என்றார் அவர், தண்ணியிலிருந்து கண்ணை எடுக்காமல். பைலைத் தூக்கி என்னிடம் தந்தார். "இதையும் கொண்டு போம், நனைஞ்சு போகும்."

நான் கேட்டது இதைத்தானே. ஒரு வருசமாக அழுது கேட்டது. தண்டவாளம் தாண்டி ஒழுங்கையில் ஏறும்போதுதான் என் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. அவரின் அட்டை, பதிவுத் துண்டு எல்லாம் என்னிடம். யாராவது வந்து கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? திரும்பி ஓடினேன். கோட்டைக்குப் போகிற கோச்சி குறுக்கே வந்து மறித்தது. ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி போனது. அந்தப் பக்கம் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு, இறால் கோத்து நின்ற யாரோ ஒருவருக்கு ரப்பர் தவளையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். பைலோடு வீட்டுக்குப் போய், தேத்தண்ணி ஊற்றி, குடிக்காமல் அடுப்படியில் நின்றேன். தெருவில் கேட்ட ஒவ்வொரு வாகனமும் ஜீப். அந்த ஒரு வருசம் அவர் யன்னலடியில் எதைக் கேட்டுக்கொண்டு இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் ஏறினபிறகு படியில் வெறுங்கால் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்காலோட உள்ளுக்க வராதேயுங்கோ என்று அடுப்படியிலிருந்தே ஏசத் தொடங்கினேன், அவர் குளித்து முடியும் வரைக்கும் நிற்பாட்டவில்லை.