பின்னால் வரும் சிரிப்பு

பெட்டிக்குள்ளிருந்து சிரிப்பு எழுந்ததும் மாசிலாமணி அட்டையில் ஒரு கோடு போடுகிறார். சின்னச் சிரிப்புக்கு ஒரு கோடு. கொஞ்சம் நீண்டால் இரண்டு. கூரை அதிர்கிற மாதிரிக் கேட்டால் மூன்று. அவர் சிரிப்பதில்லை, நேரம் கிடையாது. வசனத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை நொடி கழித்துச் சிரிப்பு வந்தது என்று இடது கை விரல்களை மடக்கி எண்ண வேண்டும். அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும்.

புதன்கிழமை மாலை ஏழரை மணி. குவீன்ஸ்டவுன் சமூக நிலையத்தின் திறந்த கூடத்தில், மரக்கூண்டுக்குள் பூட்டி வைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர். முக்கால்வாசிப் பேர் அடுத்து வரும் மல்யுத்தத்துக்காக இடம் பிடித்திருப்பவர்கள். அதற்கு முந்திய அரைமணி நேர ஆங்கிலச் சிரிப்புத் தொடரைக் கவனமாகப் பார்ப்பவர் மாசிலாமணி ஒருவர்தான். இங்கிலாந்தில் ஒரு நகராட்சி அலுவலகம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாத மேலதிகாரி, அவருக்குக் கீழே மூன்று பேர். அவ்வளவுதான் கதை. துக்க வீட்டில் பேசுகிற குரலில் மேலதிகாரி ஏதாவது சொல்வார். உடனே பெட்டிக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாத நூறு பேர் சிரிப்பார்கள்.

"மாசிண்ணே, பரீட்சையா? பென்சில வச்சிட்டுக் கொஞ்சம் சிரிங்க லா," என்று தேநீர்க்கடை அப்துல் ஹமீது ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"நீ ஒன் தேத்தண்ணிய ஆத்து பாய்," என்பார் இவர், திரும்பாமலே.

மாசிலாமணிக்கு வயது நாற்பத்தேழு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு அட்டை, காதில் பென்சில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொருட்கிடங்கு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. அங்கே சாமான் அடுக்கும் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை தொங்கும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அதில் எழுதுவார்கள். எழுதி முடிந்த அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சிரிப்புகளை அவர் குறிப்பது அந்த வெறும் பக்கத்தில்தான். வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. உப்பு டின், விளக்கெண்ணெய்ப் போத்தல், தையல் மிஷின் எல்லாவற்றிலும் நூலில் கட்டிய அட்டை ஆடுகிறது. "என்னைய ஒரு தட்டுல ஏத்தி அட்டை கட்டலயேன்னுதான் இருக்கு," என்பார் அவர் மனைவி ரத்தினம்மா.

இந்த ஆண்டு ஜனவரியில் லண்டனிலிருந்து அறிவிப்பு வந்தது. எழுபத்தொன்றாம் ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிவிடும். கிடங்குகளை மூடுவார்கள், ஆட்களைத் தவணை தவணையாக நிறுத்துவார்கள். அவரும் நானும் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் மட்டும் ஏழு வீடுகளின் சோறு அந்தக் கிடங்கிலிருந்து வருகிறது. மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் அலமாரி விற்பனைக்கு, கட்டில் விற்பனைக்கு என்று தாள்கள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாசிலாமணிக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. அவரிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்கான நீல நிற அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போட அவர் நாளைக் கடத்திக்கொண்டே வந்துவிட்டார். கிடங்கு இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை. வேலை போனால் புது வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாகப்பட்டினம் கப்பல். மகள் லீலா இங்கே பிறந்தவள், ஒன்பதாவது படிக்கிறாள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

யாரை முதல் தவணையில் அனுப்புவது, யாரைக் கடைசிவரை வைத்துக்கொள்வது என்ற பட்டியலைக் கிடங்கு அதிகாரி பார்லோ தயாரிப்பதாகப் பேச்சு. பார்லோவுக்கும் அந்தத் தொடரின் மேலதிகாரிக்கும் ஒரே முகம் என்பது மாசிலாமணியின் கண்டுபிடிப்பு.

"இருபத்திரண்டு வருசமா வெள்ளக்காரங்க சொல்றதுக்கெல்லாம் 'யெஸ் சார்'தான் தங்கச்சி. இப்பதான் தெரியுது, அதுல பாதி தமாசு. சிரிக்கிறவன வச்சிக்குவாங்க. முழிக்கிறவன அனுப்பிடுவாங்க. இது புரியறதுக்குள்ள எனக்கு நரைச்சிடுச்சி."

இந்தக் கணக்கைப் பெப்ரவரியில் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏப்ரலில் நடந்ததைச் சொன்னபோது வரவில்லை.

ஒருநாள் காலையில் பார்லோ கிடங்கு வாசலில் நின்று, "என் மனைவியும் பிள்ளைகளும் விமானம் ஏறிவிட்டார்கள். நேற்று முழுவதும் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்தேன்," என்று சொல்லியிருக்கிறார். அதே குரல், அதே முகம். மாசிலாமணி இரண்டு விரல் மடக்கினார். பிறகு சிரித்தார், நன்றாக, மூன்று கோடு போடுகிற அளவுக்கு.

"பின்னால யாருமே சிரிக்கல தங்கச்சி. எஞ் சத்தம் மட்டும் கேக்குது. இரும்புத் தட்டுல பட்டுத் திரும்பி ஏங்கிட்டயே வருது. நிப்பாட்டவும் முடியல. துரை என்னையப் பாத்தாரு. அப்படியே உள்ள போயிட்டாரு."

அன்றிலிருந்து அவர் கிடங்கில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பயப்படுகிறார். "இன்று வெயில் அதிகம்" என்று பார்லோ சொன்னாலும் இடது கை விரல்கள் தாமாக மடங்கிவிடுகின்றனவாம். துரையின் கண்ணில் படாமல் தட்டுகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போகிறார். அதற்காகப் புதன்கிழமையை விடவில்லை. முன்பு வாரத்துக்கு ஓர் அட்டை எழுதியவர், இப்போது மூன்று எழுதுகிறார்.

போன வியாழக்கிழமை பார்லோ அவரைத் தேடி வந்தே சொன்னாராம்: "மிஸ்டர் மாசிலாமணி, நீங்கள்தான் கடைசி ஆள். சாவியை உங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன்."

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க அந்த ஊர்ல இருந்தவுங்க. சொல்லுங்க, இது தமாசா, நெசமா?"

"மூஞ்சிய எப்படி வச்சிருந்தாரு அண்ணே?"

நடைபாதையில் நின்றபடி பார்லோவாக மாறிக் காட்டினார். தாடை இறங்கியது, கண் இமைகள் பாதி மூடின, கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. தேர்ந்த நடிகரும் தோற்றுப்போவார். அந்த முகத்தில் எதுவுமே இல்லை. நான் லண்டனில் மூன்று ஆண்டுகள் வாடகை அறைகளில் இருந்தவள். அறையைக் காலி செய்த அன்று வீட்டுக்காரம்மாள் அதே முகத்தோடுதான், நீ போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்றாள். அதன் பொருள் எனக்கு இன்றுவரை தெரியாது.

"தெரியல அண்ணே," என்றேன்.

"ஒங்களுக்கே தெரியலயா?" என்று கேட்டுவிட்டு, அந்த முகத்தை மாற்ற மறந்தவராகக் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். "நெசமாத்தான் இருக்கும். என்ன சொல்றீங்க? தேடி வந்துல்ல சொன்னாரு."

நேற்று மறுபடியும் புதன்கிழமை. கூடத்துக்கு நான் போனபோது தொடர் ஆரம்பித்திருந்தது. மாசிலாமணி வழக்கமான பெஞ்சில் இருந்தார். மடியில் அட்டை இல்லை, பழுப்பு உறை ஒன்று இருந்தது. ஒட்டியது ஒட்டியபடியே. அவர் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம்.

"துரையே குடுத்தாரு. 'வீட்டுக்குப் போயிப் பிரிச்சிக்குங்க'ன்னாரு. அதே மூஞ்சி. வீட்டுக்குப் போகல. ரத்தினம்மா ஏம் முகத்தப் பாத்தா கண்டுபுடிச்சிடுவா." உறையை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க படிங்க. தமாசா இருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

"கவர்மெண்ட் கடுதாசில தமாசு இருக்காதுண்ணே."

"இருக்காதுல்ல," என்றார். அதில் நம்பிக்கையா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிரித்தேன். தட்டச்சு செய்த ஒரே தாள். குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னேன். ஆட்குறைப்பின் முதல் தவணை. ஜூன் முப்பதாம் தேதியோடு பணி முடிகிறது. நீண்டகால விசுவாசமான சேவைக்கு நன்றி. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்தபின்பும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து யாரு? துரையா?"

"இல்லண்ணே. வேற யாரோ. பேரே படிக்க முடியல."

"வேற யாரோவா," என்றார். பார்லோவின் முகத்தைப் படிப்பதற்காக நான்கு மாதங்கள் எழுதிய அட்டைகள் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தன.

திரையில் மேலதிகாரி எழுந்து நின்று ஏதோ சொன்னார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. மல்யுத்தத்துக்காக வந்தவர்களும் தேநீர்க்கடையிலிருந்து ஹமீதும் சேர்ந்து சிரிக்க, அது நீண்டுகொண்டே போனது. மாசிலாமணியின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. வலது கை காதிலிருந்து பென்சிலை எடுத்தது. நான் திருப்பிக் கொடுத்த கடிதத்தைக் கவிழ்த்து, அதன் வெறும் பக்கத்தில், அடுத்தடுத்து, கோணாமல், மூன்று கோடு போட்டார்.