அண்ணாச்சி காரில் ஏசி குளிர்ந்த கதை

கார் ஏசி மெக்கானிக்கைத் தேடி யாரும் குளிர்ந்த முகத்தோடு வருவதில்லை. பழைய காரில் கண்ணாடியை ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் புழுங்குகிற மகாஜனங்களே, உங்கள் எரிச்சல் மொத்தமும் எங்கள் தலையில்தான் விடிகிறது. விருதுநகரில் பட்டறை போட்டிருக்கும் எனக்குப் போன அக்னி நட்சத்திரத்தில் வாய்த்தவர் மிளகாய் மண்டி அண்ணாச்சி.

கேஸ் போடு

அண்ணாச்சி மகளுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை பச்சைப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். வாடகைக் கார் பிடியுங்களேன் என்றால் அடிக்க வருகிறார். மகள் கல்யாணமாகிப் போன ராசியான வண்டியில்தான் பேரனும் வீடு வந்து சேரணுமாம். வெளியே அனல்; காருக்குள் அதைவிட அனல்.

வந்ததும் “கேஸ் போடு” என்றார். உங்களில் பாதிப் பேர் சொல்வதும் இதுதான். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? எங்காவது ஒழுகினால்தான் குறையும். மீட்டரை மாட்டிக் காட்டினேன், சரியாகவே இருந்தது. அண்ணாச்சி முதுகைத் திருப்பினார்.

“மீட்டர் கெடக்கட்டும் தம்பி, என் சட்டையப் பாரு.”

கிரில்லில் முருகன்

பானெட்டைத் திறந்தால், கண்டன்சருக்கு முன்னால் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய முருகன் படம். வெளிக்காற்று பட்டால்தானே கண்டன்சர் சூட்டை இறக்கும்? காற்று வரும் வழியை மறித்து மயிலோடு நின்றார் முருகன். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் சம்பந்தி, வண்டிக்குக் காவலாகத் தன் கையாலேயே கட்டிவிட்டாராம். அவிழ்த்தால் சம்பந்தி மனம் கோணும், அவிழ்க்காவிட்டால் பேரன் வேகும். அண்ணாச்சி பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் படத்தைக் கண்ணில் ஒற்றி டேஷ்போர்டில் வைத்தார்.

“சம்பந்தி கேட்டா, சாமிக்கும் ஏசி வேணும்லன்னு சொல்லிக்கிடுதேன்.”

காற்றில் காரம்

அப்படியும் காற்று நோஞ்சானாகத்தான் வந்தது. புளோயரை முழு வேகத்தில் வைத்து முகத்தைக் கொண்டுபோனேன். தும்மல்! நிற்காத தும்மல். டேஷ்போர்டைக் கழற்றினால், காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயில் செக்கச்செவேல் என்று இருக்கிறது. சாம்பிள் மிளகாய் மூடையைத் தினமும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு அலைகிறார் மனுஷன். அந்தத் தூள் மொத்தமும் காயிலில் அப்பியிருந்தது. தண்ணீர் அடித்ததும் குழம்பு மாதிரி வழிந்தது.

இந்தக் காற்று ஒரு வாரப் பிள்ளை முகத்தில் அடித்திருந்தால்? “இத்தனை நாள் உங்களுக்குத் தும்மலே வரலையா?” என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மண்டியில கெடந்து என் மூக்கு செத்துப்போச்சு தம்பி. பேரப்புள்ள மூக்க நீதான் காப்பாத்தணும்.”

மூக்குப் பரிசோதனை

கழுவி மாட்டியும் மனசு ஆறவில்லை. என் மூக்கையே நம்பவில்லை. அதுவும் அன்றைக்குப் பாதி செத்திருந்தது. பக்கத்து வீட்டில் வற்றல் வறுத்தாலே தும்முகிற என் மனைவியைக் கூட்டிவந்து, கண்ணாடியை ஏற்றிக் காருக்குள் உட்கார வைத்தேன். வெளியே நின்று அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மவில்லை. இறங்கவும் இல்லை. கண்ணாடியை லேசாக இறக்கினாள்.

“நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். உலையில சோறு கெடக்கு, நீங்க போயி எறக்குங்க.”

மதுரை ரோடு

வெள்ளிக்கிழமை ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்பேனரை எடுப்பேன், வைப்பேன், போனைப் பார்ப்பேன். உச்சிவெயிலில் அடித்தது. அண்ணாச்சி நம்பர். காதில் வைத்தால் மகள் குரல். எங்கே பிள்ளை அழுகிற சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்கவில்லை.

“அண்ணே, புள்ள நல்லாத் தூங்குது. ஆனா காலு சில்லுன்னு ஆயிருச்சு. அப்பாவுக்கு ஏசியக் கூட்டத்தான் தெரியுது, கொறைக்க எதத் திருகணும்னு சொல்லுங்க!”

குளிராவிட்டாலும் எங்களுக்குத்தான் போன், குளிர்ந்துவிட்டாலும் எங்களுக்குத்தான் போன். எப்படியானாலும் வேர்ப்பது என்னவோ மெக்கானிக்குக்குத்தான்.