ஜட்டி எலாஸ்டிக்கில் ஒரு இடுப்புப் பட்டை

போன வாரம் எலாஸ்டிக் வாங்க ஸ்டாக் லாட் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கம்பெனிகளில் மிஞ்சிய சரக்கைக் கிலோ கணக்கில் நிறுத்துப் போடுகிற கடை. சாக்கின் வாயை அவிழ்த்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது பாருங்கள், என் கை தானாகப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் பதறிவிட்டார். "என்னங்க்கா, சுளுக்கிருச்சுங்களா?" என்றார். இல்லை என்று சிரித்துச் சமாளித்தேன். எனக்கு இடுப்பு வலித்து இருபது வருடம் இருக்கும். அந்த வலியோடு போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன, கேளுங்கள்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். டீசர்ட்டின் அடியைப் புரட்டிப் பார்த்தால் இரட்டை வரியாகத் தையல் ஓடுமே, அதை அடிக்கிற மெஷின்தான் பேட்லாக். எங்கள் கம்பெனியில் அதுவரை அதில் ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் என்றால் பிசிறு வெட்டுவது, பீஸ் மடிப்பது, செக்கிங் டேபிளில் நிற்பது, மிஞ்சினால் ஓவர்லாக் மெஷின். நான் மதியச் சாப்பாட்டை அரைகுறையாக விழுங்கிவிட்டு வேஸ்ட் துணியில் அடித்து அடித்துப் பழகினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் ஒருவர் திரும்பி வரவே இல்லை, அவருடைய ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அன்று இருந்த மிதப்பு என் கல்யாணத்தன்று கூட இல்லை. வீட்டுக்காரர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

உட்கார்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் வயிற்றில் பிள்ளை. ஐந்து மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் மாதம் பிடித்துக்கொண்டது வலி. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும், யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி. உட்கார்ந்தால் அழுத்தும், எழுந்தால் இழுக்கும். சாய்மானம் இல்லாத ஸ்டூல் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்றேன். நான் நின்றாலும் பீஸ் நிற்குமா? எனக்கு முன்னால் ஓவர்லாக்கில் பக்கம் மூட்டுகிற எஸ்தர் தள்ளிக்கொண்டே இருப்பாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், அவள் கைவேகம் அப்படி. என் கூடையில் பீஸ் குவிந்து வழிந்து தரையில் விழும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அம்மிணி, நீ இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா லைன் நிக்குதில்ல? சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பவும் உன்ர கூடைல பீஸ் குமிஞ்சு கெடந்தா, திங்கக்கெழமைல இருந்து செக்கிங் போயிரு. லேசான வேலதான். உன்ர நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அது எப்படி லேசான வேலையோ, நின்று பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். அதைவிட எனக்குப் பயம் வேறு. ஓவர்லாக்கிலிருந்து இரண்டு பெண்கள் பிள்ளைத்தாச்சியாகச் செக்கிங் போனதைப் பார்த்திருக்கிறேன். பிரசவம் முடிந்து வந்தபோது இருவருக்கும் மெஷின் திரும்பக் கிடைக்கவில்லை. எனக்குப் பிள்ளையும் வேண்டும், பேட்லாக்கும் வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "பேசாம ஊட்டுல இருந்துக்கலாமில்ல?" என்றார் அவர். "ஊட்டுல இருந்தா இடுப்பு நோவு போயிருமாக்கும்?" என்று கேட்டேன். வெந்நீர் காய வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை செக்கப். டாக்டரம்மா நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளை கனக்கிறது என்றார். வலி விட்டுவிட்டு வந்தாலோ உதிரம் பட்டாலோ உடனே வர வேண்டும். ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும். வயிற்றைத் தாங்க ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளலாம். மெடிக்கலில் பெல்ட் கேட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும் என்றார்கள். என் கையில் இருந்தது மூன்று நாள்.

திருப்பூரில் இருந்துகொண்டு ஒரு பட்டைக்குப் பத்து நாள் காத்திருப்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம், கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணி வேஸ்ட்டில் நானே வெட்டி, நானே அடித்து, பாத்ரூமில் போய்க் கட்டிக்கொண்டேன். மூச்சு முட்டியது. முகம் சிவந்து வெளியே வந்தவளை எஸ்தர் பிடித்து நிறுத்தினாள்.

"ஏக்கா, வயித்து மேலயா கெட்டுவாவ? புள்ளைக்கு மூச்சு முட்டும்லா! அடியில கெட்டி மேல தாங்கணும்க்கா." இரண்டு பெற்றவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடியில் கட்டினாலும் பட்டை இம்மியும் இழுபடவில்லை. கட்டிங் மாஸ்டர் சுலைமான் பாயிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கட்டிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, பனியன் துணி குறுக்குவாக்குலதான் இழுபடும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? நீளவாக்குல வெட்டிக் கொண்டாந்திருக்கீங்க!"

எனக்குத் தெரியாதா? நேற்றுச் சேர்ந்த பொடிசுக்கும் தெரியும். வலி வந்தால் தெரிந்ததும் மறந்துவிடுகிறது. மாஸ்டர் ரிப்பைக் குறுக்குவாக்கில் இரண்டு மடிப்பாக வெட்டிக் கொடுத்தார். அடிப்பக்கம் தாங்குவதற்கு அகல எலாஸ்டிக் வேண்டும். கேன்சலாகிப் போன ஜட்டி ஆர்டர் ஒன்றின் எலாஸ்டிக் மூலையில் கிடந்தது. அதில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ தேசத்து எழுத்து, நீலத்தில் வரிசையாக ஓடியது. அதையே வைத்து வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் என் பேட்லாக்கில் அடித்தேன். வாழ்க்கையில் அத்தனை நேர்த்தியாக நான் வேறெதையும் அடித்ததில்லை. முனைக்கு ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ. மிச்ச வேஸ்ட்டை அடைத்து முதுகுக்கு ஒரு குட்டித் தலையணை. ஸ்டூலுக்குப் பதில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி, கடனாக.

சனிக்கிழமை வந்தது. பட்டை வயிற்றின் கனத்தை அடியிலிருந்து ஏந்திக்கொண்டது. முதுகில் அந்தக் கட்டை விரல்கள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அழுத்தம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. மணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் டிரம் வரை நடந்துவிட்டு வந்து உட்காருவேன். மற்ற நேரமெல்லாம் அடி, அடி, அடி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையை விட்டுத் துழாவுகிறேன், கூடை காலி.

"எஸ்தரு, பீஸ் எங்கடி?" என்று கத்தினேன். சரியாக அந்த நேரம் பழனிச்சாமி அண்ணன் வந்தார். என் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பேட்லாக்கு சும்மா உக்காந்திருக்குது, நீ என்ன பண்ணிட்டிருக்கற?"

எஸ்தர் அந்தக் கம்பெனியில் வேகம் போதவில்லை என்று திட்டு வாங்கியது அதுதான் முதலும் கடைசியும். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு, கூடவே அழுகை. திங்கட்கிழமையும் நான் பேட்லாக்கில்தான் உட்கார்ந்தேன். எட்டாம் மாதம் முடியும் வரை அங்கேதான்.

அடுத்த செக்கப்பில் நர்ஸ் என் சேலையை விலக்கியதும் நீல எழுத்து தெரிந்துவிட்டது. "ஏனுங்க, ஊட்டுக்காரரு ஜட்டியப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று வார்டே கேட்கக் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். இறுக்கம் சரி, படுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள் என்றார். "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். "நான் அடிச்சதுங்க" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது என் நெஞ்சு வயிற்றுக்கு மேல் நிமிர்ந்திருக்க வேண்டும்.

பெண் பிறந்தாள். அவளுக்கு ஐந்து மாதமானபோது அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். என் மெஷினில் யாரோ ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். நான் வாசலோடு நின்றுவிட்டேன். பழனிச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நேராக அவனிடம் போனார்.

"எந்திரி தம்பி. அந்த மெஷினுக்குடையவங்க வந்துட்டாங்க."

பட்டை என் இடுப்பை விட்டு இறங்கி ஐந்து பேர் இடுப்பில் ஏறியது. ஐந்து பேரும் மெஷினை விடவில்லை. கடைசியாகக் கட்டியவள் பிரசவத்துக்கு மடத்துக்குளம் போனாள், பட்டையும் அவளோடு போய்விட்டது. அப்புறம் ஆர்டர் குறைந்து கம்பெனியை மூடினார்கள். ஷெட்டை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். எஸ்தர் ஊருக்கே போய்விட்டாள். சுலைமான் பாய் காலமாகிவிட்டார், பழனிச்சாமி அண்ணனும்தான். அந்த லைனில் என்னை எழுந்து போகச் சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இன்று இல்லை. நான் மட்டும் பெருமாநல்லூரில், என் சொந்தப் பேட்லாக்கில், இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.