வளைவு தாண்டியும் நிற்காத வாந்தி

என் மகளுக்குத் தாகமும் சிறுநீரும் அடங்காத நோய்; சர்க்கரை நோய் அல்ல. ஊசி இல்லாமல், மூக்கில் அடிக்கும் ஹார்மோன் மருந்தால்தான் அடக்கி வைத்திருக்கிறோம். அன்று காலை சளியில் அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. மருந்து வழிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை அடித்தேன்.

மதியம் மலையிறங்கும் பஸ்ஸில் அவளுக்குத் தலைவலி, வாந்தி.

"கொண்டை ஊசி வளைவுல எல்லாருக்கும் வர்றதுதானுங்க, தண்ணி குடுங்க" என்றார் கண்டக்டர். கொடுத்துக்கொண்டே இருந்தேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிச் சமதரைக்கு வந்தும் வாந்தி நிற்கவில்லை.

"கண்ணு, அம்மாவைப் பாரு சாமி!"

அவளுக்குக் கண் சொருகியது.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். "மருந்து கூடிப்போயி உடம்புல தண்ணி தேங்கிருச்சுங்க. அதுக்கு மேல தண்ணி வேற குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

இப்போது மருந்து வழிந்தாலும் மறுபடி அடிப்பதில்லை; டாக்டருக்குப் போன் செய்கிறேன். மலைப் பாதையில் அவள் வாந்தி எடுத்தால், வளைவை அல்ல, முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன்.