அண்ணன் மகளுக்குப் போட்ட மனு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கினேன். மாரியம்மன் முன்னால் சொல்லிவிட்டேன். மனிதர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ரப்பர் விலை விழுந்து மறுபடி கொஞ்சம் தலைதூக்கிய காலம். மலாயாவின் ஜொகூரில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலையில் இருப்பவர்களின் மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் மட்டும் கப்பல் சீட்டுக் கொடுப்பார்கள் என்றார்கள். ஊரில் என் சம்சாரம் இருந்தாள். அவளிடம் வளர்ந்தது, தாய் தகப்பன் இல்லாத என் அண்ணன் மகள், ஆறு வயது. எங்கள் வழக்கத்தில் அண்ணன் மகளும் மகள்தான். இருவரையும் வரவழைக்கப் போட்ட மனுவில் மகள் என்றே எழுதச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அண்ணனும், செத்துப்போன தன் அக்காள் மகனுக்காக மனுப் போட்டார். அவனும் சிறு பிள்ளைதான். விசாரிக்க, தொழிலாளர் விவகாரம் பார்க்கும் லேபர் துரை தோட்டத்து ஆபீசுக்கே வந்தார். அவர் கேட்டதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்.

"நீ பெத்த பொண்ணா?"

"ஆமாங்கய்யா" என்றேன், நெற்றி நிறைய விபூதியோடு.

பக்கத்து வீட்டு அண்ணன் முறை வந்தது. "அக்கா பையனுங்க" என்று உள்ளதைச் சொன்னார்.

வெளியே வந்ததும் சிரித்தார். "கோயில்ல மணியடிக்கிற ஆளு, பொய்ய என்னமா சொல்றப்பா."

"நீங்களும் மகன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவன் என்னை மாமான்னுதானே கூப்பிடுவான். கப்பல்லயே மாட்டிக்குவான்."

என் பெண்ணும் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் நான் பெற்றதுதானா என்று ஊர் முன்சீப்பைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று கிராணி வேறு சொன்னார். சம்சாரமும் வர முடியாமல் போகுமோ என்று இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை.

கடைசியில் கடிதம் வந்தது. கிராணி படித்தார். "அண்ணன் மகள் என்று தெரிகிறது. மனைவியோடு வரலாம்." பக்கத்து வீட்டு அண்ணன் மனுவுக்கு, இல்லை.

"பொய் சொன்னவன் நானாச்சே. அவருக்கு ஏன் இல்லைங்க?"

"காரணம் எழுதலைப்பா. எழுதியிருந்தா படிக்க மாட்டேனா?"

சம்சாரமும் பிள்ளையும் வந்த அன்று அந்த அண்ணனும் லாபிஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். மிரண்டு நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நான் உனக்குப் பெரியப்பா" என்றார். அது அவர் தோளிலேயே தூங்கிவிட்டது. நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

இதை யாரிடமாவது சொன்னால் அம்மன் செய்த அற்புதம் என்று மாற்றிவிடாதீர்கள். என் பொய்யையும், மெய் சொன்னவருக்குக் கிடைக்காததையும் உள்ளபடியே சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா என்று தெரியாமல்தான் இன்றும் சந்நிதியில் நிற்கிறேன்.